குண்டாஸை உடைக்கும் மனு

விசாரணை இல்லாமலே ஒருவரை ஓராண்டு சிறையில் வைக்கத் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம். போகிறவர்களில் பலர் ஜெயிக்கவும் செய்கிறார்கள். எத்தனை மாதம் கழித்து என்பதுதான் கேள்வி.

2023 ஜூன் 14 அதிகாலை. கிரீன்வேஸ் சாலையில் உள்ள அமைச்சர் இல்லத்தில் சோதனையை முடித்த அமலாக்கத் துறை, செந்தில் பாலாஜியைக் கைது செய்தது. அன்றைக்கே அவர் மனைவி மேகலாவின் பெயரில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு போனது. ஜூலை 4-ல் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தார்கள். ஜூலை 14-ல் மூன்றாவது நீதிபதி தன் முடிவைச் சொன்னார். ஆகஸ்ட் 7-ல் உச்ச நீதிமன்றம் கதவை மூடியது. மனு தோற்றதுதான். ஆனால் எட்டு வாரத்துக்குள், நாட்டில் ஏறக்கூடிய கடைசிப் படி வரை ஏறிவிட்டுத் தோற்றது.

கிரீன்வேஸ் சாலை சட்டத்துக்குப் பஞ்சமில்லாத சாலை. நீதிபதிகளின் பங்களாக்கள் அங்கே இருக்கின்றன. மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. நீதிபதிகளுக்கே பாடம் நடத்தும் நீதித்துறை அகாடமி இருக்கிறது. கிழக்கே போனால் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், அதைத் தாண்டி எம்.ஆர்.சி. நகரின் உயரமான குடியிருப்புகள், அதற்கும் அப்பால் பட்டினப்பாக்கம். அங்கே குடியிருப்புகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிவிட்டது. இங்கே இன்னும் ‘போர்டு வீடு’தான். பிறகு ஸ்ரீனிவாசபுரம், அடையாறு முகத்துவாரம், உடைந்த பாலம், கடல். அமைச்சர் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடலாம்.

அமைச்சரின் மனைவி போட்ட அதே மனுவை இந்தக் குப்பங்களில் இருக்கும் ஒரு தாயும் போடலாம். அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவு இருவருக்கும் ஒன்றுதான். வக்கீல்கள் வாயில் அது ‘எச்.சி.பி.’ குடும்பங்கள் வாயில் ‘குண்டாஸை உடைக்கிறது.’ சென்னையில் இந்த மனுவை அதிகம் போட வைப்பது அமலாக்கத் துறை இல்லை, குண்டர் சட்டம்தான். அதனால் முதலில் அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1982-ல் வந்த தமிழ்நாடு 14-ஆம் சட்டம் அது. முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. கள்ளச்சாராயம் விற்போர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபசாரத் தொழில் நடத்துவோர், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்போர் என்று ஐந்து வகையினரோடு தொடங்கியது. பிறகு வனக் குற்றவாளிகள் சேர்ந்தார்கள். 2004-ல் திருட்டு வீடியோ சேர்ந்தது. சினிமாவால் ஆளப்பட்ட மாநிலத்தில் அது சேராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். மணல் கடத்தல் சேர்ந்தது. 2014-ல் இணையக் குற்றமும் பாலியல் குற்றமும் சேர்ந்தன. சென்னை காவல் ஆணையர் பிறப்பிக்கும் ஆணையின் எண்ணுக்குப் பக்கத்தில் பி.சி.டி.எஃப்.ஜி.ஐ.எஸ்.எஸ்.எஸ்.வி. என்று பத்து ஆங்கில எழுத்துகள் நீண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வகைக் குற்றவாளியின் முதலெழுத்து. வகை எத்தனை இருந்தாலும் மக்கள் நாவில் எல்லாமே ‘குண்டாஸ்.’ குடிசைவாசிகளின் நிலத்தைப் பறிப்பவர்களை அடக்கவும் இந்தச் சட்டம் எழுதப்பட்டது என்பதைக் குப்பத்துக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

இந்தச் சட்டப்படி யாரையும் குற்றவாளி என்று நிரூபிக்கத் தேவையில்லை. வருங்காலத்தில் குற்றம் செய்வார், பொது ஒழுங்கைக் குலைப்பார் என்று ஆணையரோ மாவட்ட ஆட்சியரோ ‘திருப்தி’ அடைந்தால் போதும். ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் சிறைக் கணக்கில், தடுப்புக் காவல் கைதிகளை அதிகம் வைத்திருக்கும் மாநிலமாகத் தமிழ்நாடு பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றிருக்கிறது. காஷ்மீரும் மணிப்பூரும் இருக்கும் நாட்டில், கலவரமில்லாத நம் மாநிலத்துக்கு இந்த முதலிடம்.

புக்லெட்

ஆணை பிறக்கும் விதம் ஏறக்குறைய ஒரே அச்சு. இ-5 பட்டினப்பாக்கம் காவல் நிலையமானாலும் வேறு எந்த நிலையமானாலும், இன்ஸ்பெக்டர்தான் பரிந்துரை அனுப்புவார். பழைய வழக்குகள் இரண்டு மூன்று இருக்கும். அவை ‘அட்வர்ஸ் கேஸ்.’ கடைசியாகக் கைதான வழக்கு ‘கிரவுண்ட் கேஸ்.’ அதன் எஃப்.ஐ.ஆரை வாசித்தால் வேறொரு வழக்கில் வாசித்தது போலவே இருக்கும். பட்டாக்கத்தியைக் காட்டி, சட்டைப் பையிலிருந்து சில நூறு ரூபாயைப் பறித்தார், தடுக்க வந்தவர்களை மிரட்டினார், கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கினார்கள், பொதுமக்கள் நாலாபக்கமும் ஓடினார்கள், போக்குவரத்து நின்றது. ஷட்டர் இறங்காத கிரவுண்ட் கேஸ் அரிது.

ஷட்டரை இறக்குவதற்குக் காரணம் உண்டு. ராம் மனோகர் லோகியா வழக்கில், 1965-லேயே, நீதிபதி ஹிதாயத்துல்லா மூன்று வட்டங்களை வரைந்து காட்டிவிட்டார். வெளி வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. இரண்டு பேர் அடித்துக்கொண்டால் அது வெளி வட்டத்து விவகாரம். சாதாரணக் குற்றவியல் சட்டம் அதைப் பார்த்துக்கொள்ளும். தடுப்புக் காவல் வேண்டுமென்றால் ஊரின் இயல்பு வாழ்க்கையே குலைந்ததாகக் காட்டியாக வேண்டும். டீக்கடைச் சண்டை பொது ஒழுங்காக உருமாறுவது அந்த ஷட்டர் வரியில்தான்.

ஆணை வேப்பேரியில் கையெழுத்தாகிறது. அப்போது அந்த இளைஞர் பெரும்பாலும் புழல் சிறையில் ரிமாண்டில் இருப்பார். கையெழுத்தானதிலிருந்து கெடு ஓடத் தொடங்குகிறது. காவலில் வைத்த ஐந்து நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தராவிட்டால் ஆணை தானே செத்துவிடும். மூன்று வாரத்துக்குள் விவகாரம் அறிவுரைக் கழகத்தின் முன் போக வேண்டும். ஏழு வாரத்துக்குள் கழகம் கருத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கழகத்தின் முன் வக்கீல் வாதாட உரிமை இல்லை. ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. வக்கீல் அல்லாத நண்பர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் இடம் கொடுத்தது. கடலுக்குப் போகிற மாமனோ மீன் விற்கிற அக்காவோ, ஓய்வுபெற்ற நீதிபதிகள் முன்னால் நின்று பொது ஒழுங்கைப் பற்றி என்ன பேச முடியும்?

அதனால் போர் நடப்பது காகிதத்தில். ஐந்து நாளில் கைதியின் கைக்கு வரும் கட்டை வக்கீல்கள் ‘புக்லெட்’ என்பார்கள். ஆணை, காரணங்கள், எஃப்.ஐ.ஆர்., வாக்குமூலங்கள், ரிமாண்ட் உத்தரவுகள், வேறு வழக்கில் யாருக்கோ கிடைத்த ஜாமீன் உத்தரவின் நகல் எல்லாம் அதில் இருக்கும். எச்.சி.பி. எடுக்கும் வக்கீல் முதலில் கேட்பது ‘பையன் என்ன செஞ்சான்?’ என்று அல்ல. ‘புக்லெட் எங்கம்மா?’ என்றுதான். நகல் மங்கி வாசிக்க முடியாத பக்கம் எது, தேதி முரண்படும் இடம் எது, தமிழாக்கம் இல்லாத தாள் எது என்று பக்கம் பக்கமாகத் தேடுவார். ஒரு பக்கம் போதும்.

இது கற்பனை இல்லை. பவானம்மாள் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கு இதே 14-ஆம் சட்டத்தில் வந்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடுப்பாணைக்கு ஆதாரமாகக் காட்டிய ஆங்கில ஆவணம் ஒன்றுக்குத் தமிழாக்கம் தரப்படவில்லை. காவலில் இருந்தவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். தனக்கு எதிரான தாளையே வாசிக்க முடியாதவர் அரசிடம் எப்படி முறையிடுவார் என்பதுதான் கேள்வி. அரசமைப்பின் 22(5) பிரிவு தரும் முறையீட்டு உரிமை அங்கே வெறும் பேச்சாகிவிட்டது. ஆணை ரத்து.

அதே காலத்தில் ராஜம்மாள் வழக்கு. அரசுக்குக் கொடுத்த முறையீடு மேசை மேசையாக ஏறி அமைச்சருக்குப் போனது. அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார். 1998 பிப்ரவரி 9-ல் அனுப்பிய கோப்பில் 14-ல்தான் கையெழுத்து விழுந்தது. ஐந்து நாள் என்ன பெரிய தாமதம் என்று நமக்குத் தோன்றும். உச்ச நீதிமன்றத்துக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மனிதனின் விடுதலை கோப்பில் காத்திருக்கும்போது சுற்றுப்பயணம் ஒரு விளக்கமாகாது என்று ஆணையை ரத்து செய்தது. விளக்கமில்லாத மூன்று நாள் தாமதமே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சுமையா வழக்கில், 2007-ல் சொன்னது. இன்றைக்கும் எச்.சி.பி. தீர்ப்புகளில் அந்தப் பெயர் அடிக்கடி வரும். மனைவிமாரும் அம்மாக்களும் போட்ட வழக்குகள் இவை. சட்டப் புத்தகத்தில் அவர்கள் பெயர்கள் நிலைத்துவிட்டன.

மூன்றாவது, ரேகா வழக்கு. காலாவதியான மருந்துகளின் லேபிளை மாற்றி விற்றதாக 2010-ல் சென்னையில் எழுந்த பெரிய பரபரப்பு நினைவிருக்கலாம். அதில் குண்டாஸில் போடப்பட்ட ஒருவரின் மனைவி ரேகா. 2011 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த ஆணையை ரத்து செய்தது. ஏற்கனவே சிறையில் இருப்பவரைத் தடுப்புக் காவலில் வைக்க வேண்டுமானால், அவர் ஜாமீனில் வெளியே வர உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும். ‘இதே மாதிரி வழக்குகளில் ஜாமீன் தருகிறார்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் போதாது. எந்த வழக்கு, எந்தத் தேதி, எந்த நீதிமன்றம் என்று காட்ட வேண்டும். அதைவிட முக்கியமாக, வழக்கமான சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்றது நீதிமன்றம். மருந்துச் சட்டமும் தண்டனைச் சட்டமும் இருக்கும்போது குண்டாஸ் எதற்கு?

ரேகாவுக்குப் பிறகு இரு தரப்பும் புதிய ஆட்டம் கற்றுக்கொண்டன. ஜாமீன் மனுவே போடாவிட்டால் ‘வெளியே வந்துவிடுவார்’ என்று சொல்ல இடமில்லையே என்று வக்கீல்கள் ஜாமீனைத் தள்ளிப்போட்டார்கள். போலீஸ் தரப்பு உறவினர் ஒருவரிடம் வாக்குமூலம் வாங்கி, ‘ஜாமீன் எடுக்க உறவினர்கள் ஏற்பாடு செய்துவருவதாகத் தெரிகிறது’ என்று ஆணையில் எழுதத் தொடங்கியது. விசாரணைக்கு என்று கூப்பிட்டுக் கேட்கும்போது ‘ஆமாங்க சார், ஜாமீன் எடுக்கணும்’ என்று ஒரு அம்மா வெள்ளந்தியாகச் சொன்ன வார்த்தையே மகனின் புக்லெட்டில் ஒரு பக்கமாக வந்து உட்கார முடியும்.

ஜெயித்த பிறகு எண்ணும் மாதங்கள்

வாசிக்கிறவருக்கு இங்கே ஒரு நிம்மதி வந்திருக்கும். இத்தனை ஓட்டை இருந்தால் குண்டாஸ் எளிதில் உடைந்துவிடுமே என்று. உடைகிறதுதான். என்றைக்கு என்பதில்தான் சிக்கல். மனுக்கள் வரிசைப்படி விசாரணைக்கு வருகின்றன. அரசு பதில் மனு போட அவகாசம் கேட்கும். அப்படியே நான்கைந்து மாதம் ஓடிவிடுவது சர்வ சாதாரணம். ஓராண்டுக் காவலில் பாதியை முடித்துவிட்ட பிறகு, அது ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று ஒரு தீர்ப்பு கையில் வரும்.

என் கருத்தில் இந்தச் சட்டத்தின் உண்மையான தண்டனை அந்த இடைப்பட்ட மாதங்கள்தான். ஆணை நிற்காது என்று தெரிந்தாலும் பிறப்பிக்கிறவருக்கு இழப்பில்லை. உடைவதற்குள் ஆறு மாதம் ‘ஏரியா’ அமைதியாக இருந்துவிடும். நீதிமன்றமும் பெரும்பாலும் மங்கிய பக்கம், தாமதமான கோப்பு என்ற காரணங்களிலேயே ரத்து செய்துவிடுவதால், ‘சட்டைப் பையிலிருந்து பணம் பறித்தது எப்படிப் பொது ஒழுங்கைக் குலைக்கும்?’ என்ற அடிப்படைக் கேள்விக்குப் பதில் எழுதப்படாமலே போகிறது. அடுத்த மாதமும் அதே அச்சில் ஆணை வரும். இந்த முறை ஜெராக்ஸ் மட்டும் தெளிவாக இருக்கும்.

வரிசையை ஒருவர் தாண்டினால் என்ன ஆகும் என்பதை 2024-ல் நாடே பார்த்தது. யூடியூபர் சவுக்கு சங்கர் மே 4-ல் கைதானார். மே 12-ல் சென்னை காவல் ஆணையர் குண்டாஸ் போட்டார். அவர் தாய் கமலாவின் மனு மே 24-லேயே, கோடை விடுமுறை அமர்வில், தீர்ப்புக்கு வந்துவிட்டது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஆணையை ரத்து செய்தார். முக்கியமான இரண்டு பேர் தன்னைச் சந்தித்து வழக்கை இறுதி விசாரணைக்கு எடுக்க வேண்டாம் என்று கேட்டதாகவும், அதனாலேயே உடனே எடுத்ததாகவும் எழுதினார். உடன் அமர்ந்த நீதிபதி பி.பி. பாலாஜி, அரசுக்குப் பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் முடிக்கக் கூடாது என்றார். மூன்றாவது நீதிபதியும் மறுபடி விசாரிக்கட்டும் என்றார். ஜூலை 18-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால விடுதலை தந்தது. ஆகஸ்ட் 9-ல் உயர் நீதிமன்றம் ஆணையை முழுமையாக ரத்து செய்தது. மூன்றே நாளில், ஆகஸ்ட் 12-ல், தேனியிலிருந்து இரண்டாவது குண்டாஸ் வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனபோது, செப்டம்பரில் அரசே அதைத் திரும்பப் பெற்றது.

அரசை விமர்சிப்பவர் மேல் இது பாய்வதும் புதிதில்லை. 2017 மே மாதம், பட்டினப்பாக்கத்துக்கு வடக்கே இதே கடற்கரையில், மெரினாவில், ஈழத்தமிழர் நினைவேந்தல் நடத்த முயன்ற திருமுருகன் காந்தியும் மூவரும் குண்டாஸில் போனார்கள். செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. சேலம் மாணவி வளர்மதிக்கும் அதே ஆண்டு, அதே கதை. 2023 நவம்பரில் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்த விவசாயிகள் ஏழு பேர் மீது போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர் மீதான ஆணையை அரசே ரத்து செய்தது. மிசாவில் உள்ளே இருந்ததைப் பெருமையாகச் சொல்லும் கட்சி ஆண்டாலும், எம்.ஜி.ஆர். வழியில் வந்த கட்சி ஆண்டாலும் இந்தச் சட்டத்தைக் கைவிட யாருக்கும் மனம் வருவதில்லை.

மிசா என்றதும் 1976-ஐச் சொல்லாமல் தாண்ட முடியாது. நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே செல்லுமா என்று கேள்வி வந்தபோது ஒன்பது உயர் நீதிமன்றங்கள் செல்லும் என்றன. அந்த ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஐந்து பேரில் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார், தலைமை நீதிபதி பதவியை இழந்தார். 44-ஆவது திருத்தம் அந்தத் தவறை அடைத்தது: நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் தனிநபர் சுதந்திரத்துக்குமான உரிமையை இனி நிறுத்த முடியாது. ஆனால் அதே திருத்தத்தின் 3-ஆவது பிரிவு, அறிவுரைக் கழகத்தின் கருத்து இல்லாமல் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைத்து, கழக உறுப்பினர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி நியமிக்கச் சொன்னது. 1978-ல் நிறைவேறிய அந்தப் பிரிவை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பு இன்றுவரை வெளியாகவில்லை. எத்தனையோ பிரதமர்கள் வந்து போய்விட்டார்கள்.

ராத்திரி கூட்டிப் போனால்

குண்டாஸுக்கு முந்தைய கட்டம் ஒன்று உண்டு. ராத்திரி வீட்டுக் கதவைத் தட்டி ‘விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்’ என்று கூட்டிப் போவார்கள். விடிந்தும் ஆள் வராது. எந்த ஸ்டேஷன் என்றும் தெரியாது. கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்பு விதி. அந்த நேரம் தாண்டிவிட்டால் ஆட்கொணர்வு மனுவுக்கு அதைவிட வலுவான தருணம் கிடையாது. அந்தக் காலத்தில் குடும்பங்கள் முதலில் ஓடியது தந்தி ஆபீசுக்கு. முதலமைச்சர், தலைமை நீதிபதி, கமிஷனர் என்று மூன்று தந்தி. தந்தியில் விழும் தேதியும் நேரமும்தான் பிற்பாடு சாட்சி. ‘நேற்றுதான் கைது செய்தோம்’ என்று போலீஸ் சொன்னால் அந்த ரசீதைக் காட்டலாம். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றது. இப்போது இமெயிலும் தபால் ரசீதும் அந்த வேலையைச் செய்கின்றன. வாய்ச்சொல்லாகப் போய் ஸ்டேஷன் வாசலில் நிற்பது எந்தக் காலத்திலும் சாட்சியாக நின்றதில்லை.

நடுவர் ரிமாண்ட் செய்துவிட்டால் நிலைமை மாறுகிறது. மேகலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: நீதிமன்ற உத்தரவின் பேரில் உள்ளே இருப்பவருக்கு ஆட்கொணர்வு மனு பொதுவாக நிற்காது. ரிமாண்ட் உத்தரவையே எதிர்க்க வேண்டும், இல்லையேல் ஜாமீன் கேட்க வேண்டும். செந்தில் பாலாஜி ஜாமீனில் வர 2024 செப்டம்பர் 26 ஆனது. அதனால் ரிமாண்ட் நடக்கும் நாள் முக்கியம். கைதுக்கான காரணத்தைச் சொல்லாமல் கைது செய்திருந்தால் அந்தக் கைதே சட்டவிரோதம் என்று 2025 பிப்ரவரியில், விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. நடுவர் முன் நிறுத்தும்போதே அதை வாய்விட்டுச் சொல்ல ஒரு வக்கீல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தண்டனைக் கைதிக்கு இந்த வழி இன்னும் குறுகலானது. தகுதியுள்ள நீதிமன்றம் தண்டித்த பிறகு மேல்முறையீடுதான் பாதை. ராஜீவ் கொலை வழக்கில் நளினி, தன்னை விடுவிக்க 2018 செப்டம்பரில் அமைச்சரவை பரிந்துரைத்த பிறகும் சிறையில் வைத்திருப்பது சட்டவிரோதம் என்று ஆட்கொணர்வு மனு போட்டார். உயர் நீதிமன்றம் 2020-ல் தள்ளுபடி செய்தது. விடுதலை 2022 நவம்பரில், உச்ச நீதிமன்றத்தில், வேறு வழியாகத்தான் வந்தது. ஆனாலும் கதவு முழுக்க மூடவில்லை. திகார் சிறையில் சக கைதி சித்திரவதை செய்யப்பட்டதை சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி கடிதமாக எழுதி அனுப்பினார். அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு 1979 டிசம்பரில் தீர்ப்பு சொன்னார் வி.ஆர். கிருஷ்ணய்யர். பீகாரில் ருதுல் ஷா 1968-ல் விடுதலையானவர். சிறை அவரை 1982 வரை வெளியே விடவில்லை. அந்தப் பதினான்கு ஆண்டுக்கு 1983-ல் உச்ச நீதிமன்றம் தரச் சொன்ன தொகை மொத்தம் 35,000 ரூபாய்.

அமெரிக்காவில் மாநிலச் சிறையில் இருக்கும் தண்டனைக் கைதிகூட அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் இந்த மனுவைப் போடலாம் என்பதை நம் ஊர்க்காரர்கள் பொறாமையோடு கேட்பார்கள். ஆனால் 1996-ல் வந்த சட்டம் அதற்கு ஓராண்டுக் கெடு வைத்துவிட்டது. அந்த நாட்டில் இந்த மனுவின் எல்லையைச் சுருக்கிய தீர்ப்புகளில் ஒன்று ஒரு தமிழர் பெயரில் இருக்கிறது. இலங்கையில் வேனில் கடத்தி அடிக்கப்பட்டதாகச் சொல்லி, 2017-ல் மெக்சிகோ எல்லை வழியே நுழைந்தவர் விஜயகுமார் துரைசிங்கம். எல்லையிலிருந்து 25 கெஜத்தில் பிடிபட்டார். அடைக்கலக் கோரிக்கையை அதிகாரிகள் நிராகரித்ததை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 2020 ஜூன் 25-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், அவர் கேட்பது அந்த மனுவின் வரம்புக்குள் வராது என்றது.

இனி பட்டினப்பாக்கத்துக்கு. குண்டாஸ் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியது, புழலில் மனு போட்டுப் பார்த்து, புக்லெட்டின் நகல் வெளியே வர வழி செய்வது. அடுத்தது முறையீடு. எச்.சி.பி. போடுவதற்கு முன்பே, ஆணையருக்கும் உள்துறை, மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்கும் அறிவுரைக் கழகத்துக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். ராஜம்மாளின் வழக்கைக் காப்பாற்றியது அந்தத் தேதிகள்தான். முறையீடு அனுப்பாதவருக்குத் தாமதம் என்று சொல்ல எதுவுமே இருக்காது. மங்கிய பக்கங்களுக்குத் தெளிவான நகலும் தமிழாக்கமும் கேட்டு எழுதுவதும் இதோடு சேர்ந்ததே.

எச்.சி.பி.யை அம்மா போடலாம், மனைவி போடலாம், அண்ணன் போடலாம், நண்பரும் போடலாம். வக்கீல் ஃபீஸுக்குக் கடன் வாங்கும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி காவலில் இருப்பவர் எவருக்கும் இலவச சட்ட உதவி உரிமை. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும்கூட வருமானம் பார்க்காமல் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100. இலவச வக்கீல் சரியாக நடத்துவாரா என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் புக்லெட்டை வாசிக்கப் பொறுமையுள்ள இலவச வக்கீல், வாசிக்காமல் வாய்தா வாங்கும் காசு வக்கீலைவிட மேல்.

குண்டாஸ் உடைந்த அன்றே ஆள் வீடு வந்துவிடுவார் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. கிரவுண்ட் கேஸில் ஜாமீன் எடுத்திருக்க வேண்டும், ஜாமீன்தாரர்கள் வேண்டும், தீர்ப்பு நகல் புழலுக்குப் போய்ச் சேர வேண்டும். இழந்த மாதங்களுக்கு இழப்பீடு என்பது வழக்கத்தில் இல்லை. ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 1979-ல் சேர்ந்தபோதே, சட்டவிரோதக் காவலுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை எங்கள் சட்டத்தில் இல்லை என்று இந்தியா எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தது.

தீர்ப்பு வந்ததும் புக்லெட்டைத் தூக்கிப் போடுகிற வீடுகள் உண்டு. போடக் கூடாது. ரத்தான ஆணையின் காரணங்களை அடுத்த ஆணையில் மறுபடி சேர்த்தால் அந்த ஆணையும் செல்லாது என்று 1989-லேயே சகன் பகவான் கஹார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடுத்த முறை ஷட்டர் இறங்கும்போது, பழைய ஆணையில் என்னென்ன இருந்தது என்று காட்ட அந்தக் கட்டு தேவைப்படும்.